ஆயிரம் கோழிகளுக்குக் கண்ணாடி

சென்ற மாதம் வரை என் மேசை டிராயரில் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக்கில் செய்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய இரண்டு வட்டங்கள், நடுவில் ஒரு வளைவு, வளைவின் உள்பக்கம் அரிசிமணி அளவில் இரண்டு முளைகள். காதில் மாட்டும் கம்பி கிடையாது. காது மடலே இல்லாத பிராணிக்குச் செய்த கண்ணாடிக்கு அது தேவைப்படவில்லை. டிராயரைத் திறக்கும்போது பார்த்துவிடுகிறவர்கள், மகளின் பொம்மைக்கா என்று கேட்பார்கள். கோழிக்கு என்பேன். சிரிப்பார்கள். நானும் கூடவே சிரித்துவிட்டு டிராயரை மூடிவிடுவேன். அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது கைப்பேசியில் தேடினால் இதெல்லாம் 'வேடிக்கைக் கண்டுபிடிப்புகள்' என்ற பட்டியல்களில் வருகிறது. நான் இதை முதலில் பார்த்தது சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில். உலகம் மறந்துபோன கண்டுபிடிப்புகளைப் பற்றிய புத்தகம் அது. எதிரே ஆள் வந்தால் தானாகவே தலையிலிருந்து எழும்பி மரியாதை செய்யும் தொப்பி, மீசை நனையாமல் தேநீர் குடிக்கும் கோப்பை, ஆட்ட ஆட்ட உள்ளிருப்பவரைக் குளிப்பாட்டும் தொட்டி. மனுசனுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கிறது பாருங்கள். அந்த வரிசையில்தான் கோழிக் கண்ணாடியும் இருந்தது. வெளிநாட்டில் அந்தக் காலத்தில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்லாமலிருக்க அவற்றின் மூக்கில் சிவப்புக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். கோழிக்கு ரத்தத்தைக் கண்டால் வெறி. ஒன்றின் உடம்பில் ஒரு பொட்டு சிவப்பு தெரிந்தால் போதும், மற்றவை சேர்ந்து அங்கேயே கொத்தும். எல்லாமே சிவப்பாகத் தெரிந்துவிட்டால் ரத்தம் தனியாகத் தெரியாது, கொத்தாது. இதுதான் கணக்கு.

படித்ததும் எனக்கு என் அத்தையின் நினைவு வந்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அத்தைக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. நாமக்கல் பக்கத்தில் பண்ணை என்றால் லட்சம் கோழி என்று பேசுவார்கள். அத்தையுடையது ஒரே ஒரு கூண்டுக் கொட்டகை, பக்கத்தில் குஞ்சு வளர்க்கச் சிறிதாக ஒன்று, ஆயிரம் கோழி. மாமா போர்வெல் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போய்விடுவார். மழை தொடங்கினால்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வருவார். நடுவில் ஏழெட்டு மாதம் பண்ணை முழுக்க அத்தையின் பொறுப்பு. தீவனம், மருந்து, முட்டை, வேலையாள் எல்லாம் அவர்தான். உடன் ஓர் அக்கா வேலைக்கு வந்தார். ஏரிக்கரையில் அவர் வீடு. அதனால் ஏரிக்கரை அக்கா என்றே எங்களுக்கெல்லாம் பழக்கம். அவரது சொந்தப் பெயர் எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தை கோழியைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ரகம் இல்லை. முட்டை நின்ற கோழியை லாரியில் ஏற்றிவிட்டு அன்று மதியமே கோழிக் குழம்பு வைப்பார். அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான், மூக்கு வெட்டுவது. கோழிகள் கொத்திக்கொள்ளாமலிருக்க எல்லாப் பண்ணையிலும் அவற்றின் அலகை வெட்டுவார்கள். குஞ்சாக இருக்கும்போது நுனியை லேசாகத் தொடுவது ஒரு முறை. வளர்ந்து கூண்டுக்கு மாற்றுவதற்கு முன் பழுக்கக் காய்ந்த பிளேடு வைத்த மிஷினில் கொடுத்து இரண்டாவது வெட்டு. அதற்கென்று ஆட்கள் கூட்டமாக வருவார்கள். ஒரு வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு அந்த ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாள் தள்ளிப்போகிறதே என்று அத்தை மிஷினை மட்டும் வாங்கி வந்து தானே வெட்டினார். பழகாத கை. நூறு கோழிக்கு மேல் வெட்டு ஆழமாக விழுந்துவிட்டது. அவற்றால் தீவனத்தைப் பொறுக்க முடியவில்லை. ஒன்றரை வருடம், அந்தக் கோழிகள் விற்றுப்போகும்வரை, அத்தை தினமும் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து அவற்றுக்குத் தனியாக வைத்தார்.

"செத்துத் தொலஞ்சிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன் சாமி. சாகாம எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னுச்சுங்க" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

அதனால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டி போனபோது, வெளிநாட்டுக்காரன் கோழிக்குக் கண்ணாடி மாட்டிய கதையை அத்தையைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இத நீ செய்ய மாட்டயா?" என்றார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சேலத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் அச்சு வடிவமைக்கும் வேலை. லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர்தான் எங்கள் பட்டறையில் ராப்பகலாக ஓடும் சரக்கு. சிவப்புக் கண்ணாடி பிளாஸ்டிக்குக்குப் பஞ்சமே இல்லை. படித்த படிப்புக்கு ஏற்ற பெரிய வேலை எதுவும் அதுவரை என் கைக்கு வந்ததில்லை என்ற மனக்குறையும் இருந்தது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டறை முதலாளி விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷினை எடுத்துக்கொள்ள விட்டார்.

மாமாவுக்கு அத்தை போனில் சொன்னார். மாமா மறுக்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "நான் மழைக்கு வார வரைக்கும் உன் இஷ்டம். வந்து பாக்கறப்ப கொத்துப்பட்ட கோழி பத்துக்கு மேல இருந்துச்சுன்னா அன்னிக்கே மிசின்காரனக் கூப்புட்டுருவேன்." ஆக, அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஆயிரம் கோழியும் இரண்டாவது வெட்டு இல்லாமல் கூண்டுக்குப் போகப்போகிறது. கண்ணாடி வேலை செய்தால் அத்தை இனி அந்தப் பிளேடைப் பார்க்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் வளர்ந்து முட்டையிடுகிற கோழிகளைப் பிடித்து வெட்டுவார்கள். அது இன்னும் மோசம்.

முதலில் பன்னிரண்டு கோழிக்குச் செய்து பார்த்தோம். கண்ணாடியின் முளைகளைக் குறடால் சற்று விரித்து மூக்கு ஓட்டையில் உட்கார வைத்தால் போதும், துளைபோட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் வலையடித்து அவற்றை அடைத்தோம். ஒரு நாள் முழுக்கத் தலையை உதறின, காலால் சொறிந்தன, பிறகு மறந்துவிட்டன. அலுமினியச் சட்டியில் வைத்த தண்ணீரைக் குடித்தன. அத்தை ஒரு கோழியின் முதுகில் வேண்டுமென்றே சிவப்பு மையைத் தடவி விட்டார். மற்றவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை அன்று எனக்குப் பருப்புச் சோற்றில் நெய்யைக் கொட்டி ஊற்றினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் ஒன்றரையில் ஆயிரத்து ஐம்பது கண்ணாடி போட்டு, இரண்டு சாக்கில் கட்டி, பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தேன்.

சித்திரை மாதம், ஒரு சனியும் ஞாயிறும். வளர்ப்புக் கொட்டகையிலிருந்து பிடிப்பது, கண்ணாடி மாட்டுவது, கூண்டில் விடுவது மூன்றையும் ஒரே வேலையாக முடிப்பது என்று முடிவு செய்தோம். ஒரு முறை பிடித்தால் போதும், கோழிக்கும் அலுப்பில்லை நமக்கும் அலுப்பில்லை என்பது என் யோசனை. பண்ணை வைத்திருக்கிற யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். ஞாயிறு பொழுதிறங்கும் நேரத்தில் கடைசிக் கோழியும் கூண்டுக்குப் போய்விட்டது. ஆயிரம் வெள்ளைக் கோழிகள், ஆயிரம் சிவப்புக் கண்ணாடிகள். நான் நடுப்பாதையில் நின்று பார்த்தேன். என் ஆயுளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

கொட்டகைக் கோடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஏரிக்கரை அக்கா வந்தார். "தம்பி, ஒரு கோழிகூட தண்ணிக்கு மூக்க வெக்கலீங்க" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கூண்டுகளின் மேலே வெள்ளைக் குழாய் ஓடுகிறது. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு நிப்பிள், சிவப்பு நிறத்தில், நடுவில் ஒரு சிறிய இரும்புக் குச்சி. கோழி குச்சியைக் கொத்தினால் தண்ணீர் சொட்டும். அதுவரை தொட்டியில் குடித்துப் பழகிய கோழிகளுக்கு நிப்பிள் புதிது. ஆனால் எங்கேயும் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கோழி தானாகப் போய்க் கொத்தும், அதற்காகத்தான் அதைச் சிவப்பாகச் செய்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அக்கா சொன்னது உண்மை என்பதும் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. ஆனாலும், "புது எடமுங்கக்கா. விடிஞ்சாப் பழகிரும்" என்றேன். ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் நாமக்கல்லில் சேலம் வண்டி கிடைப்பது தாமதமாகும் என்பதும், இவ்வளவு செய்துவிட்டு இப்போது ஒரு குறை கேட்கப் பிடிக்கவில்லை என்பதும்தான் காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். அக்கா, "செரிங்க" என்றார். போகிற போக்கில் இரண்டு மூன்று நிப்பிளை விரலால் அமுக்கித் தண்ணீரைச் சொட்ட விட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பட்டறைக்குப் போன் வந்தது. "சாமி, கோழி சாவுது" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார்.

நான் போய்ச் சேர இரண்டு மணி ஆகிவிட்டது. கொட்டகை வாசலில் சாக்கு விரித்துச் செத்த கோழிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அறுபத்து மூன்று. ஒவ்வொன்றின் மூக்கிலும் நான் செய்த கண்ணாடி. உள்ளே அத்தை ஒரு கண்ணாடியைத் தன் வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, கோழியின் உயரத்துக்குக் குனிந்து கூண்டு கூண்டாக நகர்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நீட்டினார். "நீயே பாரு. நிப்பிளே இல்ல." வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக் குழாயும் ஒரே சிவப்பு, சிவப்பு நிப்பிளும் அதே சிவப்பு. வெள்ளை இறகில் ரத்தம் தெரியாமலிருக்கச் செய்த கண்ணாடி, வெள்ளைக் குழாயில் தண்ணீர் இருக்குமிடத்தையும் சேர்த்து மறைத்துவிட்டது. சோதனை செய்த பன்னிரண்டும் அலுமினியச் சட்டியில் குடித்தவை. இன்ஜினியர் படித்த நான் அதை யோசிக்கவில்லை. கண்ணாடியை ஒரு முறை கண்ணில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், அதைக்கூடச் செய்யவில்லை.

எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்றேன். அத்தை கேட்கவில்லை. மாமாவின் ரிக் சாமான் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் அத்தனையையும் எடுத்து வந்தார். ஒவ்வொரு நிப்பிளுக்கும் பின்னால் குழாயைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. அத்தை, நான், ஏரிக்கரை அக்கா மூன்று பேரும் மாலைவரை சுற்றினோம். கறுப்புக்கு முன்னால் நிப்பிள் பளிச்சென்று தெரிந்தது. முதலில் ஒரு கோழி கழுத்தை நீட்டிக் கொத்தியது. பிறகு பக்கத்துக் கூண்டு. அப்புறம் கொட்டகை முழுக்க இரும்புக் குச்சிகள் டக்டக்கென்று அடிக்கிற சத்தம். அத்தை தரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றைக் கவனித்தேன். செத்தவை எல்லாம் கொட்டகையின் கிழக்குப் பாதிக் கோழிகள். மேற்குப் பாதியில் ஒன்றுகூடச் சாகவில்லை. டேப் ஒட்டுவதற்கு முன்பே அங்கே கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன. காலை வெயில் கிழக்கில் நேரே அடிக்கிறது, அந்தச் சூட்டில் செத்திருக்கின்றன, மேற்கே இருப்பவை தெளிவாக இருந்ததால் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டன என்று அத்தைக்கு விளக்கம் சொன்னேன். பக்கத்தில் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்த ஏரிக்கரை அக்கா அடுத்த நிப்பிளுக்கு நகர்ந்தார்.

அன்று மாலை அத்தையே மாமாவுக்குப் போன் செய்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். "ஏனுங்க, அறுவத்து மூணு கோழி போயிருச்சுங்க. தண்ணி வால்வு தொறக்க மறந்துட்டேனுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பண்ணைக்காரர்களிடையே இதைவிட வெட்கக்கேடான ஒரு தவறு இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கியவளைக்கூட மன்னிப்பார்கள், சித்திரை வெயிலில் கோழிக்குத் தண்ணீர் திறக்க மறந்தவளை மன்னிக்க மாட்டார்கள். அந்தப் பழியை எனக்காகத்தான் அத்தை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்தேன். நன்றியாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கண்ணாடி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்கு மாமா வந்தபோது கொத்துப்பட்ட கோழி நான்கே நான்கு. "அல்லாம் காலேஜிக்குப் போற மாரியல்ல நிக்கிது" என்று கொட்டகையில் நின்று சிரித்தார். பெட்டியிலிருந்த டேப்பெல்லாம் எங்கே என்று மட்டும் கேட்டார். குழாய் கசிந்தது, ஒட்டினேன் என்றார் அத்தை. ஊரிலும் பேச்சாகி, தீவனக் கடைக்காரர்கள், கோழி டாக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பார்க்க வந்துபோனார்கள். ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கண்ணாடிகளில் தீவனத் தூசி படிந்து, கீறல் விழுந்து, மங்கிவிட்டன. ஆயிரம் கோழிக்கு வாரம்தோறும் கண்ணாடி துடைத்துவிட யாரால் முடியும்? சில கோழிகள் கம்பியில் உரசிக் கழற்றிப் போட்டன. அந்தக் கோழிகள் விற்றுப்போனபோது மீதிக் கண்ணாடிகளை அதே இரண்டு சாக்கில் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அரவையில் போட்டேன். ரிஃப்ளெக்டராக மாறி ஏதேதோ லாரிகளுக்குப் பின்னால் போயின. அடுத்த குஞ்சுகளுக்கு மிஷின் ஆட்கள் வந்தார்கள். அன்று அத்தை விடிகாலையிலேயே திருச்செங்கோட்டு மலைக்குப் போய்விட்டு எல்லாம் முடிந்தபின் பொழுதோடு வந்தார். பண்ணையைக் குத்தகைக்கு விடும்வரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தார்.

ஆனால் அந்தத் தண்ணீர் வால்வு அத்தையை விடவில்லை. மாமா நல்ல மனிதர், கேலிப் பேச்சுக்காரர். கல்யாணம், காதுகுத்து, எங்கே நான்கு ஒரம்பரை, சொந்தம் சேர்ந்தாலும் இந்தக் கதை வரும். "ஊரு ஊராப் போயி ஊரான் காட்டுல தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வாரேன், என்ற ஊட்டுக் கோழி தண்ணியில்லாமச் செத்துது பாருங்க" என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன். பதினைந்து பதினாறு வருடம் அந்தக் கதையைக் கேட்டேன். ஒரு பந்தியிலாவது எழுந்து, மாமா, அது வால்வு இல்லை, என் கண்ணாடி என்று சொல்லியிருக்கலாம். மாமா போய் நான்கு வருடமாகிறது. இனி அவரிடம் சொல்ல வழியில்லை.

சென்ற மாதம் அத்தைக்குச் சேலத்தில் கண்புரை அறுவை நடந்தது. ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டில்தான் ஒரு வாரம் இருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கடசீல எனக்கும் மாட்டி உட்டுட்டீங்களாடா" என்றார். மருந்துச் சீட்டைத் தேட டிராயரைத் திறந்தேன். கோழிக் கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு உடனே கண்டுபிடித்துவிட்டார். அப்போதுதான் சொன்னேன். அத்தை, கண்ணாடி மாட்டிய அன்று சாயங்காலமே ஏரிக்கரை அக்கா என்னிடம் சொன்னார், கோழி தண்ணிக்குப் போகவில்லை என்று. நான்தான் விடிந்தால் பழகிவிடும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நீங்கள் எனக்காகப் பழியைச் சுமந்துகொண்டீர்கள்.

அத்தை அதை உள்ளங்கையில் திருப்பிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "உனக்காகவா?" என்றார். "அவ உங்கிட்டச் சொல்லிப்போட்டு நேரா எங்கிட்டயுந்தான் வந்து சொன்னா சாமி. நீ சொன்னதையேதான் நானுஞ் சொன்னேன். பழகிரும் போன்னு."

பிறகு மெதுவாகச் சொன்னார். "கோழி தண்ணி குடிக்கிதா இல்லயான்னு எனக்குத் தெரியாதா? போய்ப் பாத்தா, கண்ணாடியக் கழட்டோணும்னு ஆயிருமோன்னு பயம். அந்தப் பிளேடு திரும்ப வந்துருமேன்னு. அதான் பாக்காம ஊட்டுக்குள்ள போயிப் படுத்துட்டேன். மறந்துட்டேன்னு சொன்னா மறதிக்காரின்னு சிரிப்பாங்க, அது போவுது. தெரிஞ்சே உட்டேன்னா மாமங்கிட்ட என்னன்னு சொல்றது?"

இருபது வருடமாக ஒரே பொய்க்குள் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தை கோழிக் கண்ணாடியை முந்தானை முனையில் முடிந்துகொண்டார். "கண்ணு செரியாவட்டும். அவளப் போயிப் பாக்கோணும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் காரில் கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் அதே வீடு, இப்போது சிமென்ட் தளம் போட்டிருக்கிறது. அக்கா இப்போதும் குத்தகைக்காரரின் பண்ணைக்கு வேலைக்குப் போகிறார். "வாங்க அம்மிணி, வாங்க தம்பி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ரேஷன் அட்டை நகலில்தான் அவர் பெயரை முதன்முதலாகப் படித்தேன். அத்தை சுற்றிவளைக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நீ அன்னிக்கு எங்க ரெண்டு பேருகிட்டயுஞ் சொன்ன. நாங்க காதுல வாங்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அக்கா கண்ணாடியைக் கண்ணில் வைத்து, வாசல் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "அது கெடக்குதுங்க" என்றார். ஏதோ நேற்று நடந்ததைப்போலச் சாதாரணமாகச் சொன்னார். "எனக்கு மனசு கேக்கலீங்க. அடுத்த நாளு விடியக்காலம் கோழி கூப்புடவே வந்துட்டேன். மேக்கால கதவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு நிப்பிளா அமுத்திக்கிட்டே வந்தேன். சொட்டறதப் பாத்துட்டு ஒருக்காக் குடிச்சுதுன்னா அதுக்கு எடந் தெரிஞ்சு போவுதுங்க. பாதிக் கொட்டாய் வாரதுக்குள்ள அம்மிணி நீங்க தீவனம் எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. அப்பறம் முட்டத் தட்டு கழுவச் சொன்னீங்க, போயிட்டேன்."

மேற்குப் பாதி. காலை வெயில் என்று நான் விளக்கம் சொன்ன மேற்குப் பாதி. அன்று என் பக்கத்தில் நின்று, டேப்பைக் கடித்துக்கொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட உடனே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"உங்ககிட்டச் சொன்னேன், அம்மிணிகிட்டச் சொன்னேன். மூணாவதா ஆருகிட்டங்க சொல்றது?" என்றார். கோபம் எதுவும் இல்லை, வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னார். "அதுக்குப் பொறவு நா ஆருகிட்டயும் சொல்றதில்லீங்க. கோழி குடிக்கலீன்னா நானே நின்னு அமுத்தி உட்ருவேன்."

அத்தை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வந்தது, குடித்தோம். அக்கா எழுந்து உள்ளே போகும்போது கண்ணாடியை ஜன்னல் விளிம்பில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் கிளம்பும்போது அதைத் திருப்பித் தரவா என்று கேட்டார். அது உங்களுடையது என்றேன். என் டிராயரில் இப்போது மருந்துச் சீட்டுகள் மட்டும்தான் இருக்கின்றன.